யூரிக் ஆசிட் கட்டி: அறுப்பதா, கரைப்பதா?

காங்கேயம் பக்கம் சித்தப்பாவுக்கு மளிகைக் கடை. முப்பது வருடமாக வலது முழங்கையைக் கல்லாப் பலகையில் ஊன்றிக்கொண்டுதான் கணக்குப் போடுவார். பலகையில் அந்த ஓர் இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று பள்ளமாகிவிட்டது. அதே முழங்கையின் முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அமுக்கினால் வலிக்காது. பிசைந்த மாவைப் போல நெகிழும், நடுவில் அரிசிக் குருணை மாதிரி நறநறக்கும்.

எலும்பு டாக்டர் ஒருவர், "அரை மணி நேர வேலைங்க, எடுத்துடலாம்" என்றார். மூட்டுவாத டாக்டர், "தொட வேண்டாங்க, மாத்திரையிலயே கரைச்சிடலாம்" என்றார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் டாக்டர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ரிப்போர்ட் படிக்கிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். அப்படிப் படித்தும் கேட்டும் எடை போட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் மாத்திரை. கத்திக்கும் இடம் உண்டு, ஆனால் கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான்.

ஏன் அந்த இடத்தில்?

இந்த மாதிரிக் கட்டி கவுட் என்கிற மூட்டு நோயில் வருவது. கவுட் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் யூரிக் ஆசிட் மிகுந்துவிடுகிறது. 37 டிகிரி உடல் சூட்டில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரைதான் அது கரைந்திருக்கும். சூடு குறைந்தால் இந்த அளவும் குறைகிறது. 30 டிகிரியில் ஏறத்தாழ 4.5 மில்லிகிராம்தான் கரையும், மிஞ்சியது படிகமாகிவிடும். சீனிப்பாகு ஆறும்போது பாத்திரத்தின் ஓரத்தில்தானே முதலில் கற்கண்டு கட்டும், அதே கதை. உடம்பின் ஓரங்கள் எவை? கால் விரல், கை விரல், காது மடல். நெஞ்சுக்கூட்டின் கதகதப்பு அங்கெல்லாம் எட்டுவதில்லை.

கால் கட்டைவிரல் பாதத்தோடு சேரும் மூட்டில் முதல் தாக்குதல், அதாவது திடீர் வலியும் வீக்கமும், வருவது இதனால்தான். முதல் தடவை கவுட் வருகிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அந்த மூட்டுதான். குளிர்ச்சி மட்டும் காரணம் இல்லை. நடக்கும்போது உடல் பாரத்தை வாங்குவதும் செருப்பு உரசுவதும் அங்கேதான். வயதாகும்போது குருத்தெலும்பு தேய்வதும் அங்கேதான். தேய்ந்த குருத்தெலும்பின் மேல் படிகம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றும் சொல்கிறார்கள்: பகலில் நடந்து நடந்து மூட்டுக்குள் கோத்த நீரை, இரவில் படுத்த பிறகு உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் வேகமாகப் போய்விடும், யூரேட், அதாவது யூரிக் ஆசிட்டின் உப்பு, அவ்வளவு வேகமாகப் போகாது. மிஞ்சியது கெட்டிப்பட்டு உறைகிறது. நடுச்சாமத்தில் போர்வை பட்டால்கூடக் கட்டைவிரல் உயிர் போகிற மாதிரி வலிப்பதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

சித்தப்பாவின் முழங்கைக்கும் இதே கணக்குதான். முழங்கை முனையில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே வழவழப்பான ஒரு சிறு பை இருக்கிறது. தினமும் ஊன்றி ஊன்றி அடிபட்ட பை. படிகத்துக்கு உட்கார இடம் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

தாக்குதல் வேறு, கட்டி வேறு. தாக்குதல் நான்கு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். கட்டி வலியில்லாமல் வளரும். வைத்தியம் செய்யாமல் விட்டவர்களுக்கு முதல் தாக்குதலுக்குப் பிறகு சராசரியாகப் பத்து வருடம் போலக் கழித்துத்தான் அது வெளியே தெரியும். வெளியே ஒன்று தெரிகிறது என்றால் உள்ளே குருத்தெலும்பின் மேலும் தசைநாரிலும் ஏற்கெனவே பூசியாகிவிட்டது என்று அர்த்தம். தெரிகிற கட்டி கடை வாசலில் வைத்த சாம்பிள் மூட்டை மாதிரி. சரக்கு முழுக்க உள்ளே இருக்கிறது. அறுக்கலாமா என்ற கேள்வியை எனக்குக் குழப்பியது இதுதான்: எந்த மூட்டையை அறுப்பது?

அது யூரேட்தானா?

இதில் எங்களுக்கு ஒரு பழைய மனக்குறை இருக்கிறது. இந்த முழங்கை விவகாரத்துக்கு இரண்டு வருடம் முன்பு சித்தப்பாவின் நடுவிரலில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. ஒரு நர்சிங் ஹோமில் அதை அறுத்து எடுத்து ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பினார்கள். 'நாள்பட்ட அழற்சி, வேறு குறிப்பிடும்படி இல்லை' என்று ரிப்போர்ட் வந்தது. பிற்பாடுதான் தெரிந்தது, யூரேட் படிகம் தண்ணீரில் கரையக்கூடியது. ஃபார்மலின் தண்ணீர் கலந்த திரவம், அதற்குள் படிகம் கரைந்து போய்விடும். கவுட் என்று சந்தேகம் இருந்தால் சுத்தமான ஆல்கஹாலில் போட்டு அனுப்ப வேண்டும். அந்த ஒரு பாட்டிலால் இரண்டு வருடம் போயிற்று. புண் ஆற இரண்டு மாதம் ஆனது, பக்கத்து விரலில் புதிதாக ஒன்று முளைத்தது.

ஆகவே யாராவது உங்கள் கட்டியை எடுக்கப் போகிறார்கள் என்றால், 'எதில் போட்டு அனுப்புவீர்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சங்கடப்பட வேண்டாம்.

உறுதி செய்ய நான்கு வழி இருக்கிறது. நான் ஊசிக்கே முதலிடம் கொடுப்பேன். கட்டியிலோ வீங்கிய மூட்டிலோ ஊசியால் துளி எடுத்து, துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இரு முனையும் கூரான ஊசி போன்ற படிகங்கள் மின்னும். 1961இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் காட்டிய முறை இது. இன்றைக்கும் இதற்கு மேல் சாட்சி கிடையாது. 2015இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து வகுத்த விதிகளிலும், அறிகுறி உள்ள மூட்டிலோ கட்டியிலோ படிகத்தைக் கண்டால் போதும், அது கவுட்தான்; மற்ற அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டாம். ஊசியில் இன்னொரு லாபம், சீழ் இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். முழங்கைப் பையில் படிகமும் கிருமியும் ஒன்றாகக் குடியிருப்பது உண்டு. சிவந்து, சூடாகி, காய்ச்சலும் அடித்தால் கவுட் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

ஊசிக்குப் பயந்தவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் பரவாயில்லை. குருத்தெலும்பின் மேல் படிகம் தூசி போலப் படிந்திருந்தால் திரையில் எலும்புக்கோட்டுக்கு இணையாக இன்னொரு வெள்ளைக் கோடு ஓடும். கதிர்வீச்சு இல்லை, செலவும் தாங்கும். பார்க்கிறவர் கை தேர்ந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரட்டை ஆற்றல் சிடி ஸ்கேன் பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். யூரேட் இருக்கிற இடத்தைப் பெரும்பாலும் பச்சை நிறத்தில் காட்டும். முதுகெலும்பு மாதிரி ஊசி போக முடியாத இடத்துக்கு அது நல்ல துணை. ஆனால் நகத்திலும் தடித்த தோலிலும் பொய்யாகப் பச்சை காட்டும், நோய் தொடங்கிய புதிதில் இருப்பதைத் தவறவும் விடும். சாதா எக்ஸ்ரே எலும்பு அரித்த பிறகுதான் பேசும்.

ரத்தத்தில் யூரிக் ஆசிட் அளவை வைத்து மட்டும் முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தாக்குதல் நடக்கும்போதே அது நார்மலாக வரலாம். 8 இருந்தும் ஒரு நாள்கூட வலி அறியாதவர்களும் இருக்கிறார்கள்.

இடத்துக்கு இடம் கணக்கு மாறும்

காது மடலின் விளிம்பில் வருவது சின்ன வெள்ளைப் புள்ளி, முத்து மாதிரி. வலிக்காது, வேலையைக் கெடுக்காது. அதை விட்டுவிடலாம், ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கினால் தானே மறையும். உறுதி செய்ய ஊசி போடச் சுலபமான இடமும் அதுதான். வெகுநாள் வெயிலில் வேலை பார்த்தவர்களுக்கு அங்கே ஆறாத புண் இருந்தால் மட்டும் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், அது வேறு சமாச்சாரமாக இருக்கலாம்.

விரல் நுனியில் வருவதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. தோல் மெல்லிசு, உள்ளே வெள்ளையாகத் தெரியும். பார்க்கிற எல்லோருக்கும் கீறி விடலாம் என்றுதான் கை துறுதுறுக்கும். கீறினால் பற்பசை மாதிரி வெள்ளையாக வரும், நிற்காது, தோல் ஆறாது. சித்தப்பாவின் நடுவிரல் அதற்கு உதாரணம். வீட்டில் பிளேடு, ஊசி எதுவும் வேண்டாம்.

குதிகால் நரம்பு என்று நாம் சொல்லுகிற பின்னங்கால் தசைநாரில் பல சமயம் அது தனிக் கட்டியாக நிற்காமல், நாரே தடித்துப்போகும். அங்கே கத்தி வைத்தால் நாரும் சேர்ந்து போகும். மாத்திரை மட்டுமே. அதற்கு முன் கொழுப்பு ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது. பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களுக்கும் அதே நார் இதே மாதிரி தடிக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

மணிக்கட்டில் கதை தலைகீழ். உள்ளே குறுகலான பாதையில் நரம்பு போகிறது. கட்டி அதை நெரித்தால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். மாத்திரை கரைக்கும்தான், ஆனால் நெரிபட்ட நரம்பு அத்தனை மாதம் பொறுக்காது. இங்கே எலும்பு டாக்டர் பக்கம்தான் நியாயம். முதுகெலும்பில் படிந்து தண்டுவடத்தை அழுத்தினாலும் அப்படியே. ஆனால் அது அபூர்வம்.

வயதான பெண்களுக்கு ஒன்று: விரல் கடைசிக் கணுக்களில் தேய்மான முடிச்சு இருக்கும். அந்த முடிச்சின் மேலேயே யூரேட் வந்து படியும். தண்ணீர் மாத்திரை, அதாவது பிரஷருக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது அதிகம். 'வயசானா விரல் இப்படித்தான் ஆகும்' என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அங்கே கட்டியை யோசிப்பதற்கு முன் பிரஷர் மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். லொசார்ட்டான் என்கிற பிரஷர் மாத்திரை யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் குறைக்கவே செய்யும்.

சிறுநீரகக் கல்லும் இதே குடும்பம்தான், ஆனால் சரக்கு வேறு. மூட்டில் படிவது யூரேட் என்ற உப்பு, கல்லாவது யூரிக் ஆசிட்டே. சிறுநீர் அமிலமாக இருந்தால் கட்டும். சாதா எக்ஸ்ரேயில் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். சிறுநீரகக் கற்களிலேயே மருந்தால் கரைகிற கல் என்றால் முக்கியமாக இதுதான். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தைக் குறைத்து, தண்ணீரும் தாராளமாகக் குடிக்கவைத்துப் பார்ப்பார்கள். அடைப்பும் காய்ச்சலும் இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சரி, முழங்கைக்கு வருவோம். பை பெரிது, ஆபத்தான நரம்பு கட்டிக்கு நேர் கீழே இல்லை, ஒரு பக்கமாகப் போகிறது. அறுப்பது சுலபம் என்று எலும்பு டாக்டர் சொன்னது பொய் இல்லை. ஆனால் ஊன்றுகிற இடத்துத் தோல் ஆறுவதற்கு நாளாகும், ஆபரேஷன் முடிந்த வாரத்திலேயே வேறு மூட்டில் தாக்குதல் கிளம்புவதும் வழக்கம். ரத்தத்தில் அளவு இறங்காவிட்டால் அதே பையில் திரும்பக் கட்டும். மூட்டுவாத டாக்டரிடம் சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார்: "ஏனுங்க டாக்டர், அறுத்துட்டா மாத்திரை வேண்டாமுங்களா?" அவர், "அறுத்தாலும் மாத்திரை உண்டுங்க. அறுக்காட்டியும் மாத்திரை உண்டு" என்றார். எனக்கு அங்கேயே பாதி முடிவு ஆகிவிட்டது. எப்படியும் மாத்திரை என்றால், கத்தி எதற்கு என்பதுதானே கேள்வி?

கத்திக்கு நான் ஒப்புக்கொள்கிற சந்தர்ப்பங்கள் இவ்வளவுதான்: கட்டி உடைந்து கிருமி புகுந்தது, நரம்பை நெரிப்பது, செருப்பு போட முடியாத அளவுக்கோ விரல் மடக்க முடியாத அளவுக்கோ மூட்டை மறிப்பது, மூட்டே சிதைந்துபோனது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதை நான் இதில் சேர்க்கவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயதில் இருப்பவர் வேறு மாதிரி எடை போடலாம், அது அவர் பாடு.

மாத்திரை என்றால் எந்த மாத்திரை?

நம் ஊரில் நடைமுறையில் இரண்டு பெயர்தான்: அலோபியூரினால், ஃபெபுக்சோஸ்டாட். இரண்டும் யூரிக் ஆசிட் உற்பத்தியையே குறைப்பவை. அலோபியூரினால் 1966இல் வந்த பழைய மருந்து. அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் மருந்து ஆராய்ச்சிக்காக 1988இல் நோபல் பரிசு பெற்றார்கள். விலை குறைவு. நூறு மில்லிகிராமிலோ சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதற்கும் கீழேயோ தொடங்கி, படிப்படியாக ஏற்ற வேண்டும். பலரும் நூறிலேயே நிறுத்திவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்கிறார்கள். மருந்து கேட்டது, அளவு போதவில்லை.

அதன் பயம் ஒன்றுதான்: மிகச் சிலருக்குத் தோல் உரிந்து, வாய் புண்ணாகி, உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை. பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும். எச்.எல்.ஏ-பி 5801 என்ற மரபணு இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். சீன, தாய்லாந்து, கொரிய வம்சாவளியினருக்குத் தொடங்கும் முன்பே அதைச் சோதிக்கச் சொல்கிறார்கள். உடம்பில் சிவப்புத் தடிப்பு வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும், 'சூடு' என்று இளநீர் குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது.

ஃபெபுக்சோஸ்டாட் 40 அல்லது 80 மில்லிகிராம், ஒரு மாத்திரை. சிறுநீரகம் கொஞ்சம் கெட்டவர்களுக்கும் வசதி. 2018இல் வந்த கேர்ஸ் ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களில் அலோபியூரினால் சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களிடையே இதய மரணம் கூடுதலாகத் தெரிந்தது. 2020இல் ஃபாஸ்ட் ஆய்வு, ஆறாயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்துவிட்டு, அப்படி வித்தியாசம் இல்லை என்றது. இரண்டையும் படித்த பிறகும், ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு நான் முதலில் அலோபியூரினாலைத்தான் கேட்டுப்பார்ப்பேன். சித்தப்பாவுக்கு இதயம் நன்றாக இருந்தது, சிறுநீரகமும் பரவாயில்லை. அவருக்கும் அலோபியூரினால்தான் எழுதினார்கள். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், புது உறுப்பை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கத் தரும் அசதயோபிரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்த இரண்டு மருந்துமே அதோடு மோதும், டாக்டரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லிவிட வேண்டும்.

ரத்தத்தில் யூரிக் ஆசிட்டுக்கு இலக்கு சாதாரணமாக 6க்குக் கீழே. கட்டி உள்ளவர்களுக்கு 5க்குக் கீழே கொண்டுபோகச் சொல்கிறார்கள். எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு வேகமாகக் கட்டி கரைகிறது. ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு மூன்று வருடமும் ஆகலாம்.

இதில் ஒரு குறுக்கு இருக்கிறது. பலர் மாத்திரையைத் தூக்கி எறிவது அங்கேதான். மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் தாக்குதல் கூடும். படிகம் கரையும்போது உதிர்கிறது, உதிர்ந்ததைப் பார்த்து உடம்பு சண்டைக்குக் கிளம்புகிறது. மருந்து வேலை செய்வதன் சத்தம் அது. அதைத் தாங்க, அழற்சியை அடக்கும் கோல்சிசின் 0.5 மில்லிகிராம் மாத்திரையை மூன்று முதல் ஆறு மாதம் சேர்த்துக் கொடுப்பார்கள்.

அந்தக் கோல்சிசின் எங்கள் பக்கத்துச் சரக்குதான். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் முள்கம்பியிலும் பந்தலிலும் படரவிட்டிருப்பார்களே கண்வலிக்கிழங்கு, நம் மாநிலப் பூவான செங்காந்தள், அதன் விதையில் இருப்பது இதே கோல்சிசின். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னதும், "அட, நம்ம சம்பந்தி காட்டுலயே வெளையுதே, ரெண்டு வெதைய அரைச்சுக் குடிச்சாப் போதுமே" என்றார். வேண்டாம். ஆளைக் கொல்லுகிற விஷம் அது. மாத்திரைக்கே, கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் சேர்ந்தால் அளவு மீறி விஷமாகிவிடும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பத்தியத்தால் மட்டும் இறங்குவது சுமார் ஒரு மில்லிகிராம்தான். 9இல் இருப்பவர் 8க்கு வருவார், படிகம் அப்படியே இருக்கும். பீர், ஈரல், மத்தி, நெத்தலி, ஆட்டுக் குடல் ஆகியவற்றைக் குறைப்பது நியாயம். பருப்பையும் கீரையையும் நிறுத்தச் சொல்வதற்கு ஆதாரம் தேறவில்லை. சித்தப்பா இரண்டு வருடம் சாம்பார் இல்லாமல் இருந்தார், பாவம்.

இப்போது பதினாலு மாதம் ஆகிறது. மூன்றாம் மாதம் கணுக்காலில் ஒரு தாக்குதல், ஐந்தாம் மாதம் கட்டைவிரலில் ஒன்று, அதற்கப்புறம் இல்லை. நூறில் தொடங்கியது முந்நூறில் நிற்கிறது, ரத்தத்தில் 4.8. முழங்கைக் கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வந்திருக்கிறது, இன்னும் நறநறக்கிறது. கல்லாப் பலகையில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டிருக்கிறார். அதன் மேல்தான் ஊன்றுகிறார், ஊன்றாமல் இருக்க முடியாதாம். போன மாதம் முடி வெட்டும்போது, "காதுல இருந்த வெள்ளையைக் காணமுங்களே" என்று கடைக்காரர்தான் சொன்னார். அங்கே ஒன்று இருந்தது எங்கள் யாருக்குமே தெரியாது.